வாசலில் வைத்த படம்

முதல் நாள்: ஜிம்போச்சோ

ஜப்பான் ரயில் நிலையங்களில் எங்கே நிமிர்ந்து பார்த்தாலும் ஒரு சதுரம் கண்ணில் படுகிறது. மஞ்சள் பலகையில் கறுப்பாக, காலிப் பெட்டி மாதிரி ஓர் எழுத்து. தோக்கியோவின் நிஷி-கசாயில் ஆறு வருஷமாக இருக்கிற சித்தி மகனிடம் கேட்டேன்.

"அது வாய்க்கா. குச்சின்னு சொல்வாங்க. ஸ்டேஷன்ல போட்டா வாசல். கிழக்கு வாய், மேற்கு வாய்னு போட்டிருக்கும் பாருங்க."

சட்டென்று மனசு குளிர்ந்துவிட்டது. நாமும் அப்படித்தானே சொல்கிறோம்? வாயும் இல்லும் சேர்ந்து வாயில். பேச்சில் அது வாசல். நான் இவ்வளவு தூரம் வந்தது ஒரு 'குச்சி'யைத் தேடித்தான். குச்சி-எ என்றால் வாய்ப்படம். நாவலையோ கதைப் பத்திரிகையையோ திறந்தவுடன், முதல் வரிக்கு முன்னால் வைத்துக் கட்டிய வண்ணப் படம் அது. மரப்பலகையில் செதுக்கி, கையால் ஒவ்வொரு தாளாக அச்சிட்டது. 1890களில் தொடங்கி ஏறக்குறைய 25 வருஷம் ஜப்பானியர்கள் கதைக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைத் தெரு. யாசுகுனி சாலையின் தெற்குப் பக்கம்தான் பெரும்பாலான கடைகள் இருக்கின்றன. முகம் வடக்கே பார்க்கும். வெயில் புத்தகத்தின் மேல் விழாது. ஒரு கடையின் மாடியில் மரச்செதுக்கு அச்சுகள் மட்டும் இருந்தன. சுவரில் ஹிரோஷிகே, ஹொக்குசாய் என்ற பெரிய ஓவியர்களின் படங்கள். நாங்கள் தேடியது மூலையில், தரையோரமாக இருந்த அட்டைப்பெட்டியில் கிடந்தது. ஒவ்வொன்றும் கண்ணாடிக் காகித உறையில்.

கடைக்கார அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். நான் பெட்டியின் முன் மண்டியிட்டதைப் பார்த்ததும் ஒரு சின்ன முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதன்பின் ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

படங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு: உயரம் 22 செ.மீ., அகலம் 30. குடை பிடித்த பெண், கடிதத்தை மார்போடு அணைத்த பெண், விளக்கடியில் தைக்கிற பெண், பனியில் யாரையோ எதிர்பார்த்து நிற்கிற பெண். எல்லாவற்றிலும் மேலிருந்து கீழாக இரண்டு கோடுகள் ஓடுகின்றன. முதலில் ஏதோ அச்சுப் பிழை என்று நினைத்தேன். தடவிப் பார்த்தபோதுதான் மடிப்பு என்று தெரிந்தது. பத்திரிகை படத்தின் பாதி அகலம்தான்; படத்தை மூன்றாக மடித்து முன்னால் ஒட்டியிருக்கிறார்கள். வாசகர் விரித்துப் பார்ப்பார், மறுபடி மடித்து வைப்பார்.

ஒரு படத்தில் மடிப்பு பெண்ணின் கன்னத்தின் மேலேயே போனது. நிறம் அங்கே தேய்ந்து, காகிதத்தின் வெள்ளை நூலாகத் தெரிந்தது. "மடிப்பு இருந்தால் விலை குறைவு" என்றார் கடைக்கார அம்மா. எனக்கு அந்த மடிப்புதான் வேண்டியிருந்தது. ஒருவர் அதைப் பலமுறை விரித்திருக்கிறார் என்பதற்கு வேறென்ன சாட்சி?

நான் எடுத்துக்கொண்டது, பனியில் குடையோடு நிற்கும் பெண். ஓரத்தில் எய்சென் என்று கையெழுத்து. தொமியோகா எய்சென் (1864–1905) இந்தக் கலையின் முக்கியக் கைகளில் ஒன்று. விலை 4,500 யென். தம்பி பர்ஸிலிருந்து பழைய 5,000 யென் நோட்டு ஒன்றை எடுத்தான். அதிலிருந்த முகத்தைப் பார்த்ததும் கடைக்கார அம்மா, "இச்சியோ சான்!" என்று சொந்தக்காரப் பெண்ணைக் கண்டதுபோலச் சிரித்தார். அவளைப் பற்றி மூன்றாம் நாள் எழுதுகிறேன்.

இரண்டாம் நாள்: மெஜிரோ பக்கம் ஒரு பட்டறை

மரச்செதுக்கு அச்சு செய்துகாட்டும் நிகழ்ச்சி ஒன்றில் இடம் கிடைத்தது. பதினைந்து பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தோம்.

'இன்னாருடைய படம்' என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஓவியர் கொடுப்பது மெல்லிய தாளில் ஒரு கோட்டுச் சித்திரம் மட்டும்தான். அதைக் காட்டுச் செர்ரிப் பலகையில் முகம் கீழாக ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்குகிறார் செதுக்குபவர். அத்தோடு ஓவியரின் மூலம் போய்விடுகிறது. பலகையில் எழும்பி நிற்கிற கோடு செதுக்குபவருடையது. பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. அச்சிடுபவர் ஈரத் தாளைப் பலகை மேல் வைத்து, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தட்டால் முதுகைத் தேய்க்கிறார். அந்தத் தட்டுக்குப் பாரென் என்று பெயர். ஒவ்வொரு பலகையின் மூலையிலும் ஒரு சின்ன வெட்டு இருக்கிறது, அது கென்தோ. தாளின் முனை அந்த வெட்டில் போய் உட்கார்ந்தால், பத்தாவது நிறமும் முதல் கோட்டுக்குள் சரியாக விழும்.

அச்சிடுபவர் முப்பதைத் தாண்டாத பெண். அரிசிப் பசையோடு நீலத்தைக் குழைத்துத் தூரிகையால் பரப்பி, தாளை வைத்துத் தேய்த்து எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பலகையின் ஒரு பக்கம் தண்ணீர்த் தூரிகையால் நிறத்தை இழுத்தார். தாளில் வானம் அடர்நீலத்திலிருந்து ஒன்றுமில்லாததுக்குக் கரைந்தது. பொகாஷி என்கிறார்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கரைவைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அன்று ஆயிரக்கணக்கில் விற்ற பத்திரிகைகளுக்கு இதைத்தான் செய்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் பையிலிருந்த எய்சென்னை எடுத்துக் காட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி, சன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். பனியை அச்சிட்ட இடத்தில் மையே இல்லை. பலகையை வெறுமனே அழுத்தித் தாளை மேடாக்கியிருக்கிறார்கள். நேராகப் பார்த்தால் தெரியாது, வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். நேற்று ஒன்றரை மணி நேரம் பார்த்தும் என் கண்ணில் படாத பனி அது.

அடுத்து நெற்றியோரத்தைக் காட்டினார். கூந்தல் தோலைத் தொடுகிற இடத்தில், ஒவ்வொரு இழையாக எழும்பி நிற்கும்படி மரத்தைக் கழித்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பட்டறையில் உடையையும் பின்னணியையும் சின்னவர்கள் செதுக்குவார்கள். முகமும் முடியும் தலைமை ஆள் மட்டும். "இதைச் செதுக்கியவர் பெயர் எங்கே?" என்றேன். சில படங்களில் ஓரத்தில் எறும்பு அளவில் இருக்குமாம். என்னுடையதில் இல்லை. எனக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது. வெளிச்சத்தில் நின்றது ஓவியரின் முத்திரை. இந்த நெற்றியைச் செதுக்கியவரை நான் எந்தப் பெயரால் நினைப்பது?

மூன்றாம் நாள்: காந்தா, ஹொங்கோ, ரியூசென்

நடந்தே தீர்ந்த நாள். காலையில் காந்தா ம்யோஜின் கோயில். வளாகத்தில் ஓவியர் மிசுனோ தொஷிகாதாவுக்கு (1866–1908) ஒரு நினைவுக்கல் இருக்கிறது. கோயிலுக்கு வந்தவர்களில் அதன் முன் நின்றது நாங்கள் மட்டும்தான். பழைய மரச்செதுக்கு ஓவியர் யோஷிதோஷியின் மாணவர் தொஷிகாதா. தொஷிகாதாவின் மாணவர் கபுராகி கியோகாதா. உக்கியோ-எ என்ற இந்த மரச்செதுக்கு அச்சுக் கலை மெய்ஜி காலத்தோடு (1868–1912) செத்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் இந்தச் சங்கிலியைக் கவனித்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். செதுக்கியவர்களும் அச்சிட்டவர்களும் எங்கும் போகவில்லை. ஷுன்யோதோ பதிப்பகம் வெளியிட்ட நாவல்களுக்கும் ஹாகுபுன்கான் பதிப்பகத்தின் பத்திரிகைகளுக்கும் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

ஹாகுபுன்கான் 1895இல் தொடங்கிய மாதப் பத்திரிகை 'புங்கேய் குராபு'. சிறுகதைகளும் குறுநாவல்களும், முன்னால் ஒரு மர அச்சு வண்ணப் படமும். நோட்டில் முகம் பதிந்திருந்த எழுத்தாளர் ஹிகுச்சி இச்சியோவின் பெயர் பரவியதில் இந்தப் பத்திரிகைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஹொங்கோவின் கிக்குசாகா சரிவில் இறங்கினால் ஒரு சந்து, அதில் அவள் குடும்பம் குடியிருந்த இடத்தருகே ஒரு பழைய கிணறு. சற்றுத் தள்ளி அவள் போய்வந்த அடகுக்கடையின் கட்டடம், வெள்ளைக் களஞ்சியச் சுவரோடு இன்னும் நிற்கிறது. 17 வயதில் அப்பாவை இழந்து, அம்மாவையும் தங்கையையும் தோளில் சுமந்தவள். எந்தக் கிமோனோவை எப்போது இந்த வாசலுக்குள் கொண்டுவந்தாள், எது திரும்பியது, எது திரும்பவில்லை? யோசித்தபடி அங்கேயே நின்றிருந்தேன். அடகுக்கடைப் படியேறத் தெரிந்த குடும்பத்துப் பெண் எனக்கு அந்நியமானவள் இல்லை.

மதியம் ரியூசென். 1893இல் இங்கே வந்து, யோஷிவாரா என்ற தாசித்தெருவை ஒட்டி, மிட்டாயும் பொம்மையும் விற்கும் சின்னக் கடை வைத்தாள். பத்து மாதத்தில் மூடவேண்டி வந்தது. அந்தக் கடைக்கு வந்த பிள்ளைகள்தான் பின்னர் அவள் எழுதிய 'தக்கேகுராபே' ஆனார்கள். வளர்ந்து கொண்டிருக்கிற பிள்ளைகளின் கதை. அக்கா இருக்கிற அதே தொழிலுக்குப் போகப் போகிறவள் மிதோரி, பிக்கு ஆகப் போகிறவன் ஷின்யோ. கடைசியில் ஒரு பனிக் காலையில், அவள் வீட்டுக் கம்பி வாசலில் யாரோ ஒரு காகித நார்சிசஸ் பூவைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். வைத்தது யாரென்று கதை சொல்லாது.

1896 ஏப்ரலில் 'புங்கேய் குராபு' அதை முழுதாக வெளியிட்டது. மோரி ஓகாய் போன்ற பெரிய எழுத்தாளர்கள் வியந்தார்கள். நவம்பர் 23ஆம் தேதி காசநோயில் இறந்தாள். வயது 24. அவள் கைப்பிரதிகளை இங்குள்ள நினைவகத்தில் பார்த்தேன். தூரிகை எழுத்து ஓரிடத்திலும் தயங்கவில்லை, நீர் மாதிரி ஓடுகிறது.

நான்காம் நாள்: கமாகுரா

நேற்று பார்த்ததன் மறுபாதி இன்றைக்கு. கமாகுரா நிலையத்திலிருந்து கொமாச்சித் தெருவின் கூட்டத்தை விட்டு இடப்பக்கச் சந்துக்குள் நுழைந்தால் சத்தம் அடங்கிவிடுகிறது. கபுராகி கியோகாதா (1878–1972) கடைசிக் காலம் வாழ்ந்த இடத்தில் 1998இல் திறந்த சிறிய அருங்காட்சியகம். தோட்டம், தாழ்ந்த கூரை, அவர் வரைந்த அறையை அப்படியே மறுபடி அமைத்திருக்கிறார்கள்: பாய், தாழ்ந்த மேசை, தூரிகைகள்.

அவருடைய அப்பா ஜோனோ சாய்கிகு நாவலாசிரியர், பத்திரிகை நடத்தியவர். ஆக, கதையும் அச்சும் வீட்டுக்குள்ளேயே இருந்தன. 13 வயதில் தொஷிகாதாவிடம் சேர்ந்தார். 20 வயதைத் தொடுமுன்பே பத்திரிகைக்கு வரைந்து சம்பாதித்தார். பின்னால் பெரிய ஓவியராகி, கலாசாரத்துக்கான அரசின் உயரிய விருதையும் பெற்றார். அப்படி உயர்ந்தவர்கள் பொதுவாகத் தொடர்கதைக்கு வரைந்த காலத்தைப் பேசமாட்டார்கள். இவர் பேசினார். கலைக்கு மூன்று இடம் உண்டு என்றார்: கண்காட்சிக் கூடத்துக்கு வரைவது ஒன்று, வீட்டு மாடத்தில் தொங்கவிட வரைவது இன்னொன்று, மேசைமேல் வைத்துக் கைக்குள் பார்ப்பதற்கு வரைவது மூன்றாவது. மூன்றாவதற்கு 'தகுஜோ கெய்ஜுத்சு', மேசைக் கலை, என்று பெயரே வைத்தார். வாய்ப்படம், கதைப்படம், சின்னச் சின்ன ஏடுகள் எல்லாம் அதில் சேரும்.

முதல் நாள் ஜிம்போச்சோவில் நான் தடுமாறிச் சொல்ல நினைத்தது இதுதான். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் இந்தப் படம் வீடில்லாத வாசல் ஆகிவிடுகிறது. நாம் நின்று பார்க்கிற தூரம் அதற்குப் பொருந்தாது. மடியில் வைத்து, விரலால் விரித்து, கதைக்குள் போவதற்கு முன் ஒரு மூச்சு நேரம் பார்க்க வேண்டியது அது. அந்தப் பெண் யார், ஏன் பனியில் நிற்கிறாள் என்று தெரியாத ஒரு மூச்சு. கதை முடிந்தபின் திரும்பிவந்து பார்த்தால் அவள் வேறொருத்தியாகியிருப்பாள். இந்த இரண்டு பார்வைக்கும் சேர்த்து வரைந்தவர்களின் வேலையை, கதையைக் கழற்றிப் போட்டுவிட்டு எப்படி மதிப்பிடுவது? என்னிடம் இருக்கிற எய்சென்னும் அப்படிக் கழற்றப்பட்டதுதான். அதன் கதை எதுவென்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அந்தப் பாய் அறையின் முன்னால் நின்று முடிவு செய்தேன்.

கியோகாதாவுக்கு நெருங்கிய நண்பர் நாவலாசிரியர் இசுமி கியோகா. இருவரும் 1901இல் பழக்கமானார்கள். அடுத்த வருஷமே கியோகாவின் நாவலுக்குக் கியோகாதா முகப்புப் படம் வரைந்தார். கியோகா, இச்சியோவின் கல்லறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு, அப்போது த்சுகிஜி ஹொங்கான்ஜியில் இருந்த அந்தக் கல்லறைக்குக் கியோகாதா போனார். 1902இல் வரைந்த படம் 'இச்சியோ அம்மையாரின் கல்லறை'. நான் போன நாளில் அது சுவரில் இல்லை. அங்கே வாங்கிய நூலில் முழுப்பக்கத்தில் பார்த்தேன்.

கல்லில் சாய்ந்து நிற்பவள் மிதோரி. கதைக்குள் இருக்கிற சிறுமி, தன்னை எழுதியவளின் கல்லறைக்கு வந்திருக்கிறாள். கையில் நார்சிசஸ்.

தோட்டத்துத் திண்ணையில் உட்கார்ந்து அழுதேன். தம்பி தேநீர் டப்பா ஒன்றை வாங்கிவந்து கையில் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஐந்தாம் நாள்: அத்தாமி

தோக்கியோவிலிருந்து ஷிங்கன்சென்னில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. மழை. கடற்கரைச் சாலையில், பைன் மரத்தின் பக்கத்தில் 1986இல் வைத்த வெண்கலச் சிலை: மாணவத் தொப்பியும் மேலங்கியுமாய் ஓர் இளைஞன், மரச்செருப்புக் காலால் ஒரு பெண்ணை உதைக்கிறான். ஓசாகி கோயோவின் 'கொன்ஜிகி யாஷா' நாவலின் கான்இச்சியும் ஓமியாவும். வைர மோதிரக்காரனுக்காகத் தன்னை விட்டவளை, ஜனவரி 17ஆம் தேதி நிலாவில் இதே கரையில் அவன் சபித்துப் பிரிகிறான்.

1897 முதல் 1902 வரை 'யோமியுரி' செய்தித்தாளில் விட்டுவிட்டு வந்த தொடர். முடிக்காமலே 1903இல் கோயோ இறந்தார், வயது 35. முதல் பாகம் நூலானபோது ஓவியர் தக்கேஉச்சி கெய்ஷூ இந்தக் கடற்கரைக் காட்சியைத்தான் முகப்பில் வைத்தார். பின்னால் ஒரு பாகத்துக்குக் கியோகாதா வரைந்தது, தண்ணீரில் மிதக்கும் ஓமியா. அது கான்இச்சி காணும் கனவு.

சிலையருகே ஒரு சின்னப் பலகை, இது வன்முறையை ஆதரிப்பதற்காக வைத்ததில்லை என்று சொல்கிறது. நல்ல காரியம் செய்தார்கள். இந்த உதையை எனக்கு என்றும் ரசிக்க முடிந்ததில்லை. கெய்ஷூவின் படத்தையும் நான் ஓமியாவின் பக்கம் நின்றுதான் பார்க்கிறேன்.

மழை விடவில்லை. வெந்நீர்க் குளியல், மீன் சோறு, திரும்பல்.

ஆறாம் நாள்: மறுபடி ஜிம்போச்சோ

விமானம் இரவில். காலையில் அதே மாடிக்குப் போனோம். கடைக்கார அம்மாவிடம் தம்பி வழியாகக் கேட்டேன்: படம் கழற்றாத புத்தகம் இருக்கிறதா?

அவர் உடனே பதில் சொல்லவில்லை. வாங்கி விற்கிறவர்கள் வெகுகாலமாகப் படத்தைப் பிரித்து எடுத்துவிட்டு, இதழை எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்றார். 1910களின் நடுப்பகுதிக்குள் லித்தோ என்ற கல்லச்சும் புகைப்படமும் முகப்பை எடுத்துக்கொண்டன. மலிவு, வேகம். செதுக்கியவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். மிஞ்சிய இதழ்களையும் பிற்பாடு சேகரிப்பவர்களே பிய்த்தார்கள்.

பிறகு உள்ளே போய், துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். மெய்ஜி 32, அதாவது 1899. தையல் தளர்ந்த 'புங்கேய் குராபு' இதழ் ஒன்று. விற்பனைக்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஈரத் துணியால் என் விரல்களைத் துடைக்கச் சொல்லி, காயும்வரை காத்திருந்தார்.

அட்டையைத் திருப்பினேன். மூன்றாக மடித்த படம், மடிப்பு வெளியே தெரிய, உள்ளே உட்கார்ந்திருந்தது. ஓரத்தைப் பிடித்துத் திறந்தேன். ஊதா. அவ்வளவு ஊதாவைப் பெட்டியில் கிடந்த எந்தப் படத்திலும் நான் பார்க்கவில்லை. வெளிச்சமே படாமல் மடிந்து இருந்ததால் அப்படியே தங்கிவிட்டது. விஸ்டேரியாக் கொடியின் கீழே ஒரு பெண் தலையைப் பாதி திருப்பி, படத்துக்கு வெளியே யாரையோ பார்க்கிறாள். ஒட்டியிருந்த அடுத்த பக்கத்தில் அவள் கிமோனோவின் நிறம் லேசாக இறங்கி, கதையின் முதல் பத்திக்கு மேல் நிழல் மாதிரிப் படிந்திருந்தது.

நூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கமும் அவளும் முகத்தோடு முகம் வைத்து இருந்திருக்கிறார்கள்.

"மடித்துவிடுங்கள், கதை தெரியட்டும்" என்று கையால் காட்டினார் அம்மா. மடித்தேன். தாள் பழகிய வழியில் தானாகப் போய்ப் படிந்தது.

அந்தக் காலத்துக் கதைகளில் ஒவ்வொரு சீன எழுத்தின் பக்கத்திலும் உச்சரிப்பைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதிகம் படிக்காதவர்களும் வாசிக்கட்டும் என்று. தம்பிக்கு அந்தச் சின்ன எழுத்துகள் தெரியும். குனிந்து, விரலைத் தாளில் படாமல் நகர்த்தி, முதல் வார்த்தையைக் கூட்டினான்.

"கே... ஃபு."

அம்மா தலையசைத்தார். பழைய எழுத்துக்கூட்டல் அப்படித்தான், வாசிப்பது வேறு. அவரே சொன்னார்:

"க்யோ."

"இன்று," என்றான் தம்பி.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இதழைத் தன் பக்கம் இழுத்து, மீதியை வாசிக்கத் தொடங்கினார்.